ஆஸ்பத்திரியில் அபாய மணி

தண்டையார்பேட்டைக்கு நெருப்பு புதிய விருந்தாளி அன்று. ஒருபால் துறைமுகமும், மற்றொருபால் பெட்ரோலியக் கிடங்குகளும், இடையே சரக்கு ரயில்களும் அமைந்த இப்பகுதியில் வாழ்வோர், எரியும் பொருள்களை அண்டை வீட்டாராக ஏற்றே காலங்கழிக்கின்றனர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையைக் குண்டுகளால் தாக்க, துறைமுகத்தருகே பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றியெரிந்த செய்தியை எம் பாட்டனார் தம் தந்தையாரிடம் கேட்டு எமக்குச் சொல்வதுண்டு. ஆதலால் எண்ணெய்க் கிடங்கின் வாயிலைக் கடக்கும்போது இங்குள்ள சிறுவனும் ஜாக்கிரதையாக இருப்பான். ஆனால் ஆஸ்பத்திரியின் வாயிலில் நுழையும்போது எவருக்கும் நெருப்பின் நினைவு வருவதில்லை. எமக்கும் வந்ததில்லை, ஓர் இரவு நேர்ந்த நிகழ்ச்சியே அந்நினைவை உண்டாக்கிற்று. அதனை அன்பர்கட்கு அறிவிக்கவே இதனை எழுதலானோம்.

சென்ற மழைக்காலத்தில் எம் அன்னையார் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். பெயர் கூற வேண்டாத ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவரைச் சேர்த்தோம். சத்திர சிகிச்சை முடிந்த மறுநாள் இரவு, அவர் கட்டிலருகே பாய் விரித்துப் படுத்திருந்தோம். மணி இரண்டிருக்கும். திடீரெனத் தாழ்வாரத்தில் அபாய மணி அலறிற்று. யாம் துணுக்குற்று எழுந்தோம். அடுத்த கட்டிலில் இருந்தவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். நர்ஸ் அம்மையாரோ, எழுதிக்கொண்டிருந்த ஏட்டினின்று தலை நிமிராமலே, “அது அடிக்கடி இப்படித்தான் அடிக்கும் சார், நீங்க படுங்க” என்றார். சிறிது நேரத்தில் கீழே யாரோ பொத்தானை அழுத்த, மணி ஓய்ந்தது. உண்மையை மறைப்பானேன்? ஓய்ந்தவுடன் எமக்கும் மகிழ்ச்சியே உண்டாயிற்று.

படுக்கப் போகையில் அன்னையார் மெல்ல வினவினார்: “ஏனப்பா, மணி அடித்ததே, நெருப்பு வந்திருந்தால் என்னை யார் தூக்குவார்கள்?”

யாம் விடை கூறவில்லை. கூறுதற்கு ஒன்றும் இருக்கவுமில்லை. எழுந்து தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்தோம். அங்கே அவசரப் படிக்கட்டின் கதவு சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டிருந்தது. கதவின் முன் உடைந்த கட்டில்களும் பழைய மெத்தைகளும் அடுக்கிக் கிடந்தன. சாவி கீழ்த்தளத்துக் காவற்காரரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். பொழுது விடிந்ததும், பெருக்க வந்த அம்மாள் வெந்நீர் வைக்கும் சிற்றறைக்கு எம்மை அழைத்துச் சென்று சுவரைக் காட்டினார். மின்சாரக் கெட்டிலின் கம்பி கருகி, சுவர் முழ உயரம் புகை படிந்திருந்தது. மின்சாரம் தானே துண்டிக்கப்பட்டமையால் நெருப்பு அவ்வளவில் அணைந்தது. இரவில் அடித்த மணி பொய் சொல்லவில்லை; கேட்டவர்களாகிய நாங்கள்தாம் அதனைப் பொய்யாக்கினோம்.

இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் ஒன்று எமக்குத் தெளிவாயிற்று. சினிமாக் கொட்டகையிலோ கலாசாலையிலோ மணி அடித்தால், கேட்டவன் தன் காலால் வெளியே ஓடுகிறான். ஆஸ்பத்திரியிலோ, யாருக்காக மணி அடிக்கிறதோ அவர் ஓடமாட்டாதவர். காலிற் கட்டுப் போட்டவர், மயக்க மருந்தினின்று தெளியாதவர், பிறந்து மூன்று நாளான சிசு, பிராணவாயுக் குழாயோடு பிணைந்தவர் ஆகிய இவர்களுக்கு மணியோசை ஒரு பயனும் தராது. அது அருகில் நிற்கும் கையும் காலும் உடையவரைக் கூவியழைக்கும் குரல். அக்குரலைக் கேட்டு எழுவார் இல்லையேல் மணியிருந்தும் இல்லாததே.

நம் நாடு இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் கட்டுண்டிருந்தவர் 28 பேர் மாண்டனர். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் விடியற்காலையில் கல்கத்தா தாகுரியாவிலுள்ள ஆம்ரி ஆஸ்பத்திரியில், வண்டிகள் நிறுத்துதற்கென அமைந்த நிலவறையிற் குவித்திருந்த பொருள்கள் பற்றிக்கொண்டன. நெருப்பு மேலே ஏறவில்லை, புகையே ஏறிற்று. குளிர்காற்றுச் செல்லும் வழிகளிலே அது பரவி, கண்ணாடியால் மூடிய அறைகளில் உறங்கிய நோயாளர் சுமார் 90 பேரின் உயிரைக் குடித்தது. நோயாளரைக் காக்க முயன்ற கேரள நாட்டு நர்ஸ்கள் இருவரும் அங்கேயே உயிர் துறந்தனர். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீ விபத்து நேர, ஒரு குழந்தை உட்பட அறுவர் இறந்தனர். மின்தூக்கியிற் சிக்கி மூச்சுத் திணறியவர்களும் அவர்களுள் உண்டு.

தீயினும் புகையே முந்திக் கொல்லும் என்பதனால்தான் புகையுணர் கருவி தோன்றிற்று. சுவிட்சர்லாந்து தேசத்து வால்டர் யேகர் என்பவர் 1930-களில் விஷவாயுவைக் கண்டறியும் கருவியொன்று செய்ய முயன்றார். அது விஷவாயுவை உணரவில்லை. சலிப்புற்று அவர் சிகரெட்டைப் பற்றவைக்க, அப்புகைக்குக் கருவியின் முள் அசைந்ததாம். இன்று கூரையில் ஒட்டியிருக்கும் அச்சிறு வட்டக் கருவி, எங்கே புகை எழுந்தது என்பதைக் கீழ்த்தளத்துப் பெட்டிக்கு அறிவிக்கும். அப்பெட்டியில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்து, உடனே ஒருவர் அவ்விடத்திற்கு ஓடவேண்டும். மின்சாரம் நின்றாலும் அது வேலை செய்ய மின்கலம் வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தன் நான்காம் பகுதியைத் தீக்காப்பிற்கே ஒதுக்கியுள்ளது. நோயாளரை முதலில் மாடியிறக்க முயலாது, கட்டிலோடு தள்ளி, தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள அதே தளத்தின் மறுபகுதிக்குக் கொண்டுசெல்வதே ஆஸ்பத்திரிகளுக்கு உரிய முறையென அறிந்தோர் கூறுவர். இதற்கு வேண்டியவை, தடையற்ற தாழ்வாரமும், சார்த்தினாற் புகை புகாத கதவும், பலமுறை பழகிய கைகளுமே. விதி நன்றாகவே உள்ளது. அதனைச் சான்றிதழாக்கிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதன் கீழேயே மெத்தைகளை அடுக்குகின்றோம்.

மணியை நிறுத்துபவரும் தீயவர் அல்லர். கருவியில் தூசி படிந்தாலும் நீராவி பட்டாலும் வீணாக மணி அடிக்கும். நான்கு முறை வீணாக அடித்த மணியை ஐந்தாம் முறை நம்புவார் இல்லை. புலி வருகிறதென்று கூவிய சிறுவன் கதைதான். அதற்குப் பரிகாரம் கருவியைத் துடைத்துச் சீர்செய்வதேயன்றி மணியின் வாயைக் கட்டுவதன்று. ஒவ்வொரு முறையும் ஒருவர் சென்று கண்ணாற் பார்த்துத் திரும்பிய பின்னரே மணியை நிறுத்துவது என்னும் வழக்கம் ஒன்றே அநேக உயிர்களைக் காக்கும்.

இக்கலாசாலையின் பழைய மாணாக்கர் பலர் வைத்தியராகவும், கட்டட நிபுணராகவும், நிர்வாகிகளாகவும் விளங்குகின்றனர். நோயாளியைப் பார்க்கச் செல்லாதார் நம்மில் எவரும் இலர். செல்லும்போது பழங்களோடு நான்கு கேள்விகளையும் கொண்டுசெல்வோமாக. படிக்கட்டு எங்கே? அதன் கதவு திறக்குமா? மணி கடைசியாகச் சோதிக்கப்பட்டது எப்போது? இரவில் மணி அடித்தால் இந்நோயாளியைத் தூக்குபவர் யார்? கடைசிக் கேள்விக்கு ஓர் ஆளின் பெயரே விடையாக வேண்டும். “யாராவது தூக்குவார்கள்” என்பது விடையாகாது.

அன்று யாம் நிர்வாகியிடம் முறையிட்டோம். அவர் சினவாமற் கேட்டு, பூட்டை உடனே திறக்கச் செய்தார். ஒன்பதாம் நாள் அன்னையாரை வீட்டிற்கு அழைத்து வருகையில் கதவு திறந்தேயிருந்தது. கட்டில்களோ பாதிதான் அகன்றிருந்தன. எஞ்சிய பாதியைப் பற்றி ஒரு கடிதமும் எழுதியிருக்கின்றோம். அன்னையார் இப்பொழுது கோலூன்றி நடக்கின்றார். மாதந்தோறும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்போது, எந்த இடமாயினும் உள்ளே நுழைந்ததும் அவர் முதலிற் கேட்பது, “படிக்கட்டு எந்தப் பக்கம் அப்பா?” என்பதே.