வெட்டிய ஹெட்டின் கணக்கு

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற சாலை புது வண்டிகள் பிறக்கும் ஊர்களை நோக்கிப் போகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு. வழியிலுள்ள லேத் பட்டறைகளில் நடப்பது வேறு வேலை. ரீபோர், வால்வ் சீட் கட்டிங், ஹெட் ஃபேஸிங் என்று பலகையில் எழுதியிருக்கும். நான் பார்க்கப் போனது மூன்றாவதை.

மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். கூட இரண்டு பையன்கள். கார்புரேட்டர் காலத்து மாருதி 800-ன் ஹெட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஒரு மெக்கானிக் வந்திருந்தார். இங்கே வரும் ஹெட்டுகளின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ரேடியேட்டர் ஃபேன் ஓடியிருக்காது, அல்லது கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் வருஷக்கணக்காகப் போர் தண்ணீர் ஊற்றி உள்ளே உப்பு படிந்திருக்கும். இஞ்சின் கொதித்து கேஸ்கட் போய்விடும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும் அலுமினியம், சூட்டில் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும்.

மாஸ்டர் ஹெட்டைத் துடைத்து, அதன் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் குறுக்காக வைத்தார். ஃபீலர் கேஜில் 0.05 மில்லிமீட்டர் இலையே நுழையக் கூடாது. 0.20 இலை தடங்கலில்லாமல் உள்ளே போனது. பிறகு வெர்னியரை எடுத்து ஹெட்டின் உயரத்தை நான்கு மூலையிலும் அளந்தார். புது ஹெட்டின் உயரத்தைவிட 0.2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

“இதுக்கு முன்னாடியே யாரோ வெட்டியிருக்காங்க தம்பி. எங்கயும் எழுதி வைக்கல” என்றார்.

மெஷினில் ஹெட்டை ஏற்றுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. டயல் கேஜின் முள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அசையாமல் போகும்வரை, அடியில் மெல்லிய தகடுகளை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டே இருந்தார். வெட்டுவது சில நிமிட வேலை. முதல் இரண்டு வெட்டில் ஓரங்கள் பளபளத்தன, நடுப்பகுதி கறுப்பாகவே இருந்தது. கடைசி வெட்டை மிக மெல்லியதாக எடுத்தார். மொத்தம் 0.3 போயிற்று. பழையதையும் சேர்த்தால் 0.5. நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். நகம் எங்கும் தட்டவில்லை.

பல பட்டறைகளில் வேலை இதோடு முடிந்துவிடும். கவலைப்பட வேண்டிய விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஹெட்டின் அடியில் குழிந்திருக்கும் சேம்பர், வெட்டிய அளவுக்குச் சின்னதாகிவிட்டது. பிஸ்டன் கீழிருந்து மேலே வந்து அமுக்கும் காற்றுக்கு இடம் குறைந்தால் கம்ப்ரஷன் விகிதம் ஏறும். எவ்வளவு என்று கேட்டால் “கொஞ்சம் ஏறும், இழுவை நல்லாருக்கும்” என்பதே வழக்கமான பதில்.

மாஸ்டர் அந்தப் பதிலை ஏற்பவரில்லை. மேசை அறையிலிருந்து மருந்துக்கடை சிரிஞ்ச் ஒன்றையும், நடுவில் துளை போட்ட அக்ரிலிக் தகட்டையும் எடுத்தார். வால்வுகளையும் பிளக்கையும் மாட்டி, சேம்பரின் விளிம்பில் கிரீஸ் தடவி, தகட்டை வைத்து அழுத்தினார். ஹெட்டை லேசாகச் சாய்த்து, துளை வழியாக மெல்லிய ஆயிலைச் செலுத்தினார். காற்றுக்குமிழி ஒன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அது துளைக்கு வந்து வெளியேறும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். 27.0 சிசி பிடித்தது.

கணக்குத் தாளை என்னிடம் தள்ளினார். மாருதி 800-ன் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 72. ஒரு சிலிண்டருக்கு 265.3 சிசி. மூன்றும் சேர்ந்தால் 796. இறுக்கிய கேஸ்கட்டின் கனத்தில் அடங்கும் இடம் 4.6 சிசி, பிஸ்டன் பக்கத்தில் மிஞ்சுவது 1.5. சேம்பரோடு கூட்டினால் 33.1. ஓட்டத்தின் கொள்ளளவோடு இதைக் கூட்டி, இதனாலேயே வகுத்தால் 9.0. புதிதில் 8.7 என்று எடுத்துக்கொண்டால், அரை மில்லிமீட்டர் வெட்டுக்கு இவ்வளவுதான் ஏற்றம்.

சிரிஞ்ச் இல்லாமலே மதிப்பிடலாமே என்று தோன்றும். சிலிண்டரின் வட்டப் பரப்பை வெட்டிய ஆழத்தால் பெருக்கிப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் 1.84 சிசி குறைந்ததாக வரும். உண்மையில் குறைந்தது 1.4 சிசி அளவுதான். சேம்பரின் வாய் சிலிண்டரைவிடச் சிறியது. சுவர்களும் உள்நோக்கிச் சரிவதால், ஆழம் போகப் போக ஒவ்வொரு வெட்டும் முந்தியதைவிடக் குறைவாகவே இடத்தைத் தின்னும். வாய்ப் பரப்பைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து எண்ணினால் மதிப்பீடு கிட்ட வரும். சேம்பரையே அளந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண்ணை விகிதமாக நினைக்கிறவர்களும் உண்டு. கேஜ் காட்டுவது அழுத்தம். இன்டேக் வால்வ் எப்போது மூடுகிறது, ரிங் எப்படியிருக்கிறது, பேட்டரி இஞ்சினை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும்.

இழுவை பற்றிய நம்பிக்கையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். 8.7 என்பது 9.0 ஆவதால் கிடைக்கும் திறன், காகிதக் கணக்கில் ஒரு சதவீதம்தான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை 1990-ல் திறந்தது. அங்கே ஓடும் வண்டிகளுக்கு அந்த ஒரு சதவீதமும் வேண்டும். வீட்டுக் காருக்கு முக்கியம் நாக் அடிக்காமல் ஓடுவது. விகிதத்தை மாற்றிக்கொண்டே ஓட்டக்கூடிய இஞ்சினை ஹாரி ரிக்கார்டோ 1919-ல் கட்டியதும் இதைப் புரிந்துகொள்ளத்தான்: எந்தப் பெட்ரோல் எந்த விகிதம்வரை தாங்கும்? நம் ஊரில் பெட்ரோலின் ஆக்டேன் பிஎஸ்2 காலத்தில் 88, பிஎஸ்3-லிருந்து 91, இருபது சதவீத எத்தனால் கலந்ததில் 95. ஆகவே 9.0 பயப்படும்படியான எண் இல்லை. ஆனால் இதே ஹெட் இன்னும் இரண்டு முறை கொதித்து இன்னும் இரண்டு பட்டறைகளுக்குப் போனால் நிலைமை வேறு. அப்போது வால்வ் பிஸ்டனை நெருங்கும். ஹெட்டிலேயே கேம்ஷாஃப்ட் இருப்பதால் டைமிங் பெல்ட் தளர்ந்து வால்வ் டைமிங் பின்தங்கும்.

தண்ணீர் லாரி, டிப்பர் ஹெட்டுகளுக்கு இந்தக் கணக்கே மாறும். அவற்றில் பலவற்றுக்கு அடிப்பக்கம் தட்டை, குழி பிஸ்டனில் இருக்கிறது. ஹெட்டை வெட்டினால் விகிதம் ஏறாது. வால்வ் முகம் மேற்பரப்புக்கு ஏறிவிடும், இன்ஜெக்டர் முனை வெளியே நீளும். சீட்டை மறுபடி ஆழமாக வெட்டி, இன்ஜெக்டருக்கடியில் கனமான செப்பு வாஷர் போட வேண்டும்.

மெக்கானிக்கிடம் மாஸ்டர் சொன்னது சுருக்கம்: “டைமிங்க கொஞ்சம் ரிட்டார்ட் பண்ணி வை. லோடுல நாக் கேட்டா கொண்டா.”

ஃபேஸிங் பட்டறைக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். வெட்டிய அளவை ஹெட்டின் பக்கவாட்டில், கேஸ்கட் படாத இடத்தில், எண் பஞ்சால் அடித்துவிடுங்கள். முந்தி வெட்டியது தெரிந்தால் அதன் பக்கத்தில் அடியுங்கள். பில் தொலைந்துபோகும், வண்டி கைமாறும், மெக்கானிக் மாறுவார். இந்த மாஸ்டர் அன்று 0.5 என்று அடித்தார். அடுத்தமுறை இந்த ஹெட் பல்லாவரத்தில் இறங்கினாலும் பூந்தமல்லியில் இறங்கினாலும், அங்கிருப்பவர் இன்னொரு வெட்டுக்கு இடமிருக்கிறதா, கனமான கேஸ்கட் தேட வேண்டுமா, வேறு ஹெட்டே வாங்கச் சொல்ல வேண்டுமா என்பதை மெஷினில் ஏற்றுமுன்பே முடிவுசெய்யலாம்.