கொரியப் பேயும் திரைப்பட விழாவும்

பேய்ப் படம் பார்க்க யாரும் திரைப்பட விழாவுக்குப் போவதில்லை. விழா என்றால் ஈரானியக் குழந்தை, பிரெஞ்சுக் காதல், பத்து நிமிடம் அசையாமல் நிற்கும் கேமரா என்று ஒரு எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்போடு கிம் ஜீ-வூன் இயக்கிய 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (2003) படத்துக்கு வந்து உட்கார்கிறவர்கள் முதலில் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் 2004-இல் போர்ச்சுகலின் ஃபாண்டஸ்போர்ட்டோ விழாவில் சிறந்த படமாகத் தேர்வான படம்.

(முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பற்றிப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

சு-மி, சு-யோன் என்று அக்கா, தங்கை. ஊருக்கு வெளியே ஒரு வீடு. வாய் ஓயாமல் சிரித்தபடி வரவேற்கும் சித்தி. சித்தி கொடுமையா, இது நமக்குத் தெரியாததா என்று கூட்டம் சாய்ந்து உட்காருகிறது. ஆனால் ஏதோ உதைக்கிறது. அப்பா சின்ன மகளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. சித்திக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே நாளில் மாதவிலக்கு வருகிறது. காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரியும்: ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் தப்பு கடைசி வரியில் இருக்காது, எங்கோ முதல் பக்கத்தில் இருக்கும். தங்கை முன்பே இறந்துவிட்டாள். இவ்வளவு நேரம் நாம் பார்த்த சித்தியும் பெரும்பாலும் சு-மியேதான்.

வீட்டில் டிவிடி என்றால் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டிப் பார்க்கலாம். விழாவில் அந்த வசதி கிடையாது. 115 நிமிடம், இடைவேளை கிடையாது, முடிந்ததும் அடுத்த படத்துக்காக அரங்கைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அதனால் வாசலில், முன்பின் தெரியாதவர்கள் டீ கிளாஸோடு நின்று சண்டை போடுகிறார்கள். எல்லாமே அந்தப் பெண்ணின் மனப்பிரமை என்கிறார் ஒருவர். அப்படியானால் விருந்துக்கு வந்த பெண் அடுப்படியில் ஸிங்குக்குக் கீழே ஒரு சிறுமியைப் பார்த்ததாகத் திரும்பிப் போகும்போது காரில் புருஷனிடம் சொல்கிறாளே, சு-மி அங்கே இல்லையே என்று கேட்கிறார் இன்னொருவர். பதில் வருவதில்லை. நல்ல கேள்வி அது.

படத்தின் மூலம் ஜோசியோன் காலத்து நாட்டார் கதை. 1924-லிருந்தே பலமுறை படமாகியிருக்கிறது. ஜாங்ஹ்வா, ஹோங்ரியோன், அதாவது ரோஜா, செந்தாமரை. சித்தியின் சூழ்ச்சியால் செத்துப்போன இரண்டு பெண்களும் பேயாக வந்து ஊர் அதிகாரியிடம் நியாயம் கேட்கிறார்கள். வருகிற அதிகாரி எல்லாம் பேச்சைக் கேட்கும் முன்பே பயத்தில் செத்துப்போகிறார். கடைசியில் ஒருவர் மட்டும் பயப்படாமல் கேட்டு, சித்தியைத் தண்டிக்கிறார். கதையில் குற்றவாளி யார் என்பதில் குழப்பமே கிடையாது.

கிம் ஜீ-வூன் படத்தில் அந்த அதிகாரி இல்லை. சித்தியும் முழுக் குற்றவாளி இல்லை. இந்த ஒரு மாற்றத்துக்காகவே அவரைக் கும்பிடலாம். அம்மா அலமாரிக்குள் தூக்கு மாட்டிக்கொண்டிருக்கிறாள். அதைக் கண்டு இழுத்த சு-யோன் மேல் அலமாரியே சாய்ந்துவிடுகிறது. சத்தம் கேட்டு வந்த சித்தி பார்க்கிறாள், திரும்பி நடக்கிறாள், பிறகு மனசு கேட்காமல் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து எதிரே சு-மி. மாடிக்கு ஏன் வந்தாய் என்று எரிந்து விழுகிறாள். இந்த நிமிடத்துக்காக நீ வருந்துவாய் என்கிறாள் சித்தி. உன்னோடு இருப்பதைவிட மோசமாக என்ன வந்துவிடப் போகிறது என்று சொல்லிவிட்டு சு-மி கிளம்பிவிடுகிறாள்.

பேய் வந்தபோது அலறிய அரங்கில் இந்த இடத்தில் சத்தமே இல்லை. சு-மி வீட்டைவிட்டு வெளியே வந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிறாள். மேலே தங்கைக்கு இன்னும் உயிர் இருக்கிறது.