மாமியின் கையொப்பம்

கணிதம் படிப்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு தொல்லை உண்டு. உறவினர் எவருக்கேனும் வட்டிக் கணக்கென்று ஒன்று வந்துவிட்டால், அது கடல் கடந்தேனும் அவரிடம் வந்து சேரும். 2018ஆம் ஆண்டு தை மாதத்தில் எமக்கு அப்படியொரு கணக்கு இலண்டனிலிருந்து வந்தது. அனுப்பியவர் எமது தாய்மாமன்.

மாமா 1985இல் இங்கிருந்து சென்றவர். பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1999இல் நகரின் வடமேற்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கினார். வங்கியிடம் பட்ட கடனில் 90,000 பவுண் நின்றது. இருபத்தைந்து ஆண்டுத் தவணை. மாதந்தோறும் வட்டியை மட்டும் கட்ட வேண்டும், முதலைக் கடைசியில் ஒருமிக்கக் கொடுக்க வேண்டும். 2014இல் பாரிசவாதம் அவரது வலது கையையும் காலையும் வாங்கிக்கொண்டது. அதன்பின் அரசாங்கம் தரும் உதவிப்பணத்திலேதான் சீவியம். சில கிழமைகள் காத்திருந்தபின் வீட்டுக்கடன் வட்டிக்கும் அரசாங்கமே உதவியது. திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவி அது. அந்த நாட்டில் 1948ஆம் ஆண்டு தொடக்கம் ஏதோ ஒரு வடிவில் இருந்துவந்த ஏற்பாடு.

2016இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அதை மாற்றிற்று. 2018 ஏப்பிரல் 6ஆந் திகதியிலிருந்து அந்த உதவி கடனாயிற்று. அரசாங்கம் முன்போலவே வட்டியை வங்கிக்கு நேரே கட்டும். ஆயின் கட்டிய தொகையை வட்டியோடு கணக்கெழுதி, வீட்டின் மேல் தனக்கும் ஓர் ஈட்டுரிமையைப் பதிந்துகொள்ளும். விருப்பமாயின் ஒப்பமிடுக, இன்றேல் வட்டியை நீரே கட்டுக என்பதே மாமாவுக்கு வந்த கடிதத்தின் சாரம். வீடு இருவர் பெயரிலும் இருந்தபடியால் மாமியும் ஒப்பமிட வேண்டும்.

"தம்பி, நீ என்ன சொல்லுகிறாய்?" என்று கேட்டார் மாமா.

நாம் அதிகம் யோசிக்கவில்லை. "வீட்டை இரண்டாம் முறை ஈடு வைப்பதா? வேண்டாம் மாமா" என்றோம். கடிதத்தை முழுதும் வாசிக்கும்படி கூட அவரைக் கேட்கவில்லை. அப்போது எமது வாயிலிருந்து வந்தது கணிதம் அன்று. எமது பாட்டனாரின் தோட்டக்காணி.

வாசகர்களுள் யாழ்ப்பாணத்தாருக்கு ஒற்றி என்றால் விளங்கும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்திலே திரட்டப்பட்ட தேசவழமையிலும் இடம்பெற்றது அது. கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. காணியை வாங்கி அதன் விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். பாட்டனார் நான்கு பரப்புத் தோட்டத்தை ஒற்றி வைத்துவிட்டு, தமது கிணற்று நீரில் பிறர் புகையிலை செழிப்பதை வேலிக்கு இப்பால் நின்று பதினொரு ஆண்டுகள் பார்த்தவர். மீட்டபோது அவருக்குத் துலா மிதிக்கும் வயது கடந்துவிட்டது. அக்கதையைக் கேட்டு வளர்ந்த எமக்குக் கடன் என்ற சொல்லே கசப்பு. அந்தக் கசப்பையே ஆலோசனை என்று இலண்டனுக்கு அனுப்பினோம்.

மாமிக்கு வேறு காரணம் இருந்தது. அவருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு வலிகாமம் வடக்கில். 1990இல் சனங்கள் இடம்பெயர, அந்த ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிப்போயிற்று. அந்த வீட்டின் உறுதி இன்றும் மாமியின் பெட்டியில் இருக்கிறது. வீட்டுக்குச் சுவருமில்லை, கூரையுமில்லை. அப்படிப்பட்டவரிடம் அரசாங்கத்துக்கு வீட்டில் உரிமை எழுதிக் கொடுங்கள் என்று ஒரு கடதாசியை நீட்டினால் அவர் எப்படிக் கையை நீட்டுவார்? மேலும் இந்த வீடு மகளுக்கென்று அவர் மனதிலே எழுதி வைத்தது. கடிதம் பெற்றவர்களில் மாமி மட்டும் அஞ்சினார் என்றில்லை. ஆங்கிலேயர்களும் அஞ்சினார்கள், பெரும்பாலோர் உடனே ஒப்பமிடவில்லை. ஆகவே எமது சொல் அந்த வீட்டில் இலகுவாக ஏறிற்று.

2019 மார்கழியில் உறவினர் ஒருவரின் திருமணத்துக்காக நாம் இலண்டன் போக நேர்ந்தது. பயணச் செலவு மணவீட்டாருடையது. எமது சம்பளத்தில் இது நடவாது. மாமா வீட்டுக்குப் போனபோது பகல் பதினொரு மணி. மாமி மேலங்கியோடு சமையலறையில் நின்றார். எங்கோ வெளிக்கிடுகிறார் என்று நினைத்தோம். வெளிக்கிடவில்லை, அவர் வீட்டுக்குள் அணிவதே அதைத்தான். ஹீற்றரைப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகே போடுவார்களாம். மாமா கட்டிலில் இரண்டு கம்பளிக்குள் கிடந்தார். தேநீர்க் கோப்பையைத் தந்த மாமியின் கையில் காப்புகள் இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாமாவே பிறகு சொன்னார். வங்கியின் வட்டி நூற்றுக்கு 3 வீதம்; மாதம் 225 பவுண். இருபது மாதங்கள் ஒன்றும் பிந்தாமல் கட்டியிருக்கிறார்கள். பெருக்கினால் 4,500 பவுண். அதில் எவ்வளவு காப்பு, எவ்வளவு சூடு, எவ்வளவு சாப்பாடு என்று பிரிக்க எமக்குத் தெரிந்த கணிதம் உதவாது.

அன்றிரவு அந்தக் கடிதத்தையும் அதனோடு வந்த தாள்களையும் கேட்டு வாங்கி, முதன்முதலாக வாசித்தோம். வாசிக்க வாசிக்க வெட்கம் பிடுங்கிற்று.

வேலைசெய்யும் வயதினருக்கு 200,000 பவுண் வரையான கடனுக்கு உதவி உண்டு. ஓய்வூதிய வயதினர்க்குரிய உதவியில் இருப்போர்க்கு வரம்பு பொதுவாக 100,000. வட்டிக்கு மட்டுமே உதவி, முதலுக்கு இல்லை. அதுவும் வங்கி கேட்கும் வீதத்தில் அன்று. அரசாங்கம் நியமித்த வீதத்தில். அப்போது அது 2.61. ஆகவே மாமாவின் 225 பவுணில் 196 பவுண் அரசாங்கத்தின் பங்கு. எஞ்சிய 29ஐ அவரே கட்ட வேண்டும். அரசாங்கம் தன் கடனுக்கு எடுக்கும் வட்டி ஆண்டில் இருமுறை வரை மாறக்கூடும், அது கூட்டுவட்டி. இவையெல்லாம் நாம் நினைத்து அஞ்சியவையே.

நினையாதவையும் இருந்தன. மாதந்தோறும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. வீடு விற்கும்போது, அல்லது கைமாறும்போது, அல்லது உரியவர் இறந்தபின்தான் கணக்குத் தீர்க்கப்படும். ஒருவர் போனாலும் மற்றவர் அந்த வீட்டில் இருக்கும்வரை கேட்க மாட்டார்கள். வீடு விற்று, வங்கிக்குக் கொடுத்தபின் மீதி போதாவிட்டால், போதாத தொகையை அரசாங்கம் கைவிட்டுவிடும். வேறு வீடு வாங்கினால் கடனையும் அங்கே மாற்றலாம். அத்துடன், அன்று மறுத்தவர் பின்பு மனம் மாறியும் விண்ணப்பிக்கலாம். பாட்டனாரின் ஒற்றியில் காணி கையைவிட்டுப் போனது. இங்கே வீட்டைவிட்டு ஒருவரும் போக வேண்டாம். இரண்டும் கடன்தான், ஆனால் ஒரு சாதி அல்ல. கல்லூரியில் ஒரு மாணவன் வினாவை வாசிக்காமல் விடை எழுதினால் நாம் என்ன சொல்லுவோம் என்பது எம்மிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

விடியற்காலையில் மாமியின் முன் ஒரு கொப்பியை விரித்தோம். தவணை முடிய 2024 வரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். அரசாங்கம் கட்டுவது 11,745 பவுண். நூற்றுக்கு 2 வீதம் கூட்டுவட்டி என்று வைத்தால் ஏறத்தாழ 12,350 ஆகும். "மகளுக்குரியதில் குறையப்போவது இவ்வளவுதான் மாமி. முதலைக் கட்ட எப்படியும் வீட்டை விற்கத்தான் வேண்டும்" என்றோம்.

மாமி கணக்கைப் பார்க்கவில்லை. "அரசாங்கம் ஒருக்கால் உள்ளே வந்தால் போகுமோ, தம்பி?" என்று கேட்டார்.

அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. அது வேறு அரசாங்கம் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது அதுவல்ல என்பதால் பேசாதிருந்தோம். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்தார் மாமா. நாம் நினைத்ததுபோல் அவள் அழவோ உபதேசிக்கவோ இல்லை, கோபித்தாள். காப்பு விற்றதை அப்போதுதான் அறிந்தாளாம். "அந்த வீட்டை எனக்கென்று ஆர் கேட்டது?" என்று அவள் உரத்துச் சொன்னது எமக்கும் கேட்டது. மாமி தொலைபேசியை மாமாவிடம் கொடுத்துவிட்டு, ஹீற்றரைப் போட்டார். பகல் ஒன்பது மணி.

நாம் ஊர் திரும்பி இரண்டு கிழமைக்குப் பின் ஒப்பமிட்டதாகத் தகவல் வந்தது. மாமா இடது கையால் ஆங்கிலத்தில், மாமி தமிழில்.

இடையில் அந்த நாட்டில் வட்டி தாறுமாறாக ஏறிற்று; இங்கிலாந்து வங்கியின் வீதம் 2023 ஆகஸ்டில் 5.25ஐத் தொட்டது. எமது 2 வீதக் கணக்கும் அத்தோடு பழுதாயிற்று. உறவினர் எவரேனும் இன்று இதே கேள்வியோடு வந்தால், முதலில் அன்றைய வீதத்தைக் கேட்டறியச் சொல்லுவோம். 2023 ஏப்பிரலிலிருந்து, வேலைசெய்யும் வயதினருக்கான பொது உதவிப்பணத்தில் இருப்போர் காத்திருக்க வேண்டிய காலமும் ஒன்பது மாதத்திலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறது.

தவணை முடிந்த 2024இல் வீட்டை விற்றார்கள். சட்டத்தரணி அனுப்பிய கணக்குத்தாளைப் படமெடுத்து மாமா எமக்கு அனுப்பினார். முதல் வரியில் வங்கியின் 90,000. அடுத்த வரியில் அரசாங்கத்தின் கடன், வட்டியோடு பத்தாயிரம் பவுணுக்குச் சற்றுக் குறைவு. நியமித்த வீதம் நடுவில் சில காலம் தாழ்ந்திருந்ததால் நாம் போட்ட கணக்கைவிடக் குறைந்தே வந்தது. மீதியில், மகளின் ஊருக்கு அருகே இரண்டு அறை கொண்ட ஒரு சிறு வீடு வாங்கினார்கள்.

அன்றிரவு மாமி பேசினார். கூட்டல் சரியா என்று கேட்பார் என நினைத்துக் கொப்பியோடு இருந்தோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "புது வீட்டு உறுதியில் எங்கட இரண்டு பேரின்ர பெயர் மட்டும்தானே?"

"இரண்டு பெயர் மட்டும்தான், மாமி" என்றோம். மறுநாள் அந்த உறுதியின் பிரதியை வலிகாமம் வடக்கு உறுதியோடு சேர்த்து அதே பெட்டிக்குள் வைத்ததாக மாமா சொன்னார்.