ஏறின கியரிலேயே இறங்கு

மாதத்துக்கு ஒரு தடவையாவது நாங்கள் பேராதனைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பஸ்ஸில் போய் வருகிறோம். ஏ5 வீதி. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று ஏறிப் போனால், திரும்பும்போது அவ்வளவையும் இறங்க வேண்டும். ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்குள் உயரம் 1,300 மீற்றருக்கு மேல் குறைகிறது. எங்கள் பட்ச்சில் இருக்கிற யாழ்ப்பாண நண்பன் முதல் தடவை எங்களோடு வந்துவிட்டுச் சொன்னது இதுதான்: "ஏறேக்க ஒண்டும் தெரியேல்ல மச்சான். இறங்கேக்கதான் வயித்துக்குள்ள என்னமோ செய்யுது." அவன் வயிறு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மலை வீதியில் ஏற்றத்தை விட இறக்கம்தான் ஆபத்து.

எங்கள் தோட்டங்களில் கொழுந்து லொறி ஓட்டிய பழைய டிரைவர்மாரிடம் இதற்கு ஒரே ஒரு விதி இருந்தது. "எந்த கியர்ல ஏறுனியோ, அதே கியர்ல இறங்கு." அவ்வளவுதான். பள்ளம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார்கள். அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டிவரும். எஞ்சின் லேசில் சுற்றாது, எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பிரேக்கை இடைக்கிடை தொட்டால் போதும்.

இதைச் செய்யாமல் டொப் கியரில் விட்டு, வழி நெடுக பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் என்ன நடக்கும்? பிரேக் என்பது வண்டியின் வேகத்தை உரசி உரசி வெப்பமாக்குகிற சாமான். ஆறுவதற்கு இடைவெளி கொடுக்காவிட்டால் அளவுக்கு மீறிச் சூடாகி, பிடிக்கிற சக்தியை இழந்துவிடும். பஸ்ஸுக்குள் ஒரு கருகின வாசம் வருமே, அதுதான் முதல் எச்சரிக்கை. "பிரேக் பிடிக்கல" என்று நாங்கள் கேள்விப்படுகிற கதைகள் எல்லாமே பழுதான பிரேக்கின் கதைகள் அல்ல. நல்ல பிரேக்கும் சூட்டில் கைவிடும்.

இந்த அறிவு இப்போது ஏன் குறைகிறது? ஒரு காரணம், நாங்கள் பழகுகிற முறை. எங்கள் வயதில் லைசன்ஸ் எடுத்தவர்களைக் கேட்டுப் பார்த்தோம். எழுத்துப் பரீட்சை, எட்டு போடுவது, ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் சொல்கிறார்கள். நீண்ட இறக்கத்தில் கூட்டிப்போய்ப் பழக்கினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்னொன்று ஓட்டோ கியர். அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் 'பி' என்று ஓர் எழுத்து இருக்கிறது. இறக்கத்தில் எஞ்சினால் வேகத்தைப் பிடிப்பதற்கென்றே வைத்தது. அதை பார்க்கிங் என்று நினைத்துத் தொடாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது, எண்ணெய் மிச்சம். 2022இல் கியூவில் நின்ற காலத்தில் 'நியூட்ரலில் விட்டு இறங்கினால் மிச்சம்' என்பது பெரிய புத்திசாலித்தனமாகப் பேசப்பட்டது. உண்மையில் இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் கியரில் இருக்கும்போது அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எண்ணெயையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் நின்றுபோகாமல் இருக்க எண்ணெய் எரியும். மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை.

ஆனால் எங்களுக்குப் பெரிதாகப் படுகிற காரணம் வேறு. தெரிந்தவர்களையும் நாங்கள் சரியாக ஓட்ட விடுவதில்லை.

இரண்டாம் கியரில் ஒருவர் நிதானமாக இறங்குகிறார் என்று வையுங்கள். பின்னால் வருகிறவருக்குப் பொறுக்காது. ஹோர்ன். பிறகு ஹைபீம். பிறகு முடக்கில் வைத்தே முந்திப்போய், கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை. எஞ்சினால் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு லைட் எரியாது. அதனால் பின்னால் வருகிறவர்தான் இடைவெளி விட வேண்டும். இங்கேயோ பம்பரில் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வருவதுதான் பழக்கம். இப்படி நாலு தடவை ஏச்சு வாங்கினால் அவரும் கியரைக் கூட்டிவிடுவார்.

எங்கள் சைகைகளே மாறிப்போயிருக்கின்றன. பிரித்தானியாவில் எதிரே வருகிறவர் லைட்டை மின்னினால் பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்று அர்த்தமாம். எங்களிடம் அது "நான் வாறேன், நீ நில்லு." ஒடுக்கமான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலை வீதியின் பழைய மரியாதை. பாரத்தோடு ஏறுகிற வண்டி ஒருமுறை நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம். இப்போது பெரிய வண்டிக்குத்தான் வழி. மஞ்சள் கோட்டில் நிற்கிற பிள்ளைக்கு நிறுத்தினால் பின்னாலிருந்து ஹோர்ன் வரும்.

டிரைவர்மாரை மட்டும் ஏசிவிட்டுப் போவதும் நியாயமில்லை. அன்றன்றைய கலெக்ஷனில் சம்பளம் வாங்குகிறவருக்கு முன்னால் போகிற பஸ் ஒரு போட்டி. டைம்கீப்பர் ஒரு பக்கம், பின்னால் வருகிற பஸ் இன்னொரு பக்கம். அதில் நிதானமாக இறங்குவது அவர் கைக்காசை இழக்கிற காரியம். இந்த முறை மாறாமல் புத்திமதியால் மட்டும் பெரிதாக எதுவும் மாறாது.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல வீதியில் 7 பேர். 2025 மே மாதம் நாங்கள் போய் வருகிற இதே வழியில், கொத்மலை கெரண்டியெல்லவில் 20 பேருக்கு மேல். அதே செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு கிழமைக்கு வீதிப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறோம். அடுத்த கிழமை, முடக்கில் முந்துகிற பஸ்ஸின் வீடியோவுக்கு 'மாஸ்' என்று கொமென்ட் போடுகிறார்கள்.

எங்கள் பஸ்ஸில் ஒருநாள் பின் சீட்டிலிருந்து ஓர் அம்மா சத்தமாகச் சொன்னார்: "தம்பி, நாங்க யாரும் அவசரமா போகல. மெதுவாவே போங்க." பஸ்ஸே சிரித்தது. டிரைவரும் சிரித்துவிட்டு கியரைக் குறைத்தார். முந்தச் சொல்லிக் கத்த ஆள் இருந்தால் அவர் முந்துவார். மெதுவாகப் போகச் சொல்ல ஆள் இருந்தால் மெதுவாகவும் போவார்.

ஆகவே லைசன்ஸ் எடுக்கப்போகிற நண்பர்களே, லேர்னர்ஸிடம் காசு கட்டும்போதே கேளுங்கள்: "இறக்கத்துல ஓட்டப் பழக்குவீங்களா?" காருக்குள் ஏறினால் அந்த 'பி' எங்கே, 'எல்' எங்கே என்று பாருங்கள். முன்னால் ஒருவர் நிதானமாக இறங்கினால் ஹோர்னில் கை வைக்காதீர்கள். அவர் அந்தக் கொழுந்து லொறிக்காரரின் விதியை இன்னும் மறக்காதவராக இருக்கலாம்.