கோவிக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணும்

கனநாளாய் இங்கே எதுவும் எழுதேல்லை. மாஸ்டர் இரண்டாம் வருஷம், ஆய்வறிக்கை, சனி ஞாயிறில் லாச்சப்பலில் மரக்கறிக் கடை வேலை... காரணம் அடுக்கினால் நீங்களும் நம்பமாட்டியள் :-) ஆனால் இதை இண்டைக்கு எழுதாமல் விட்டால் பிறகு எழுதவே மாட்டன்.

நான் இருக்கிறது திரான்சியில். மாமா வீட்டில் ஒரு அறை. லு பூர்ஜே ஸ்டேஷனில் ரெயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கார் து நோர், அங்கிருந்து நடந்தால் லாச்சப்பல். ஒன்றரை வருஷமாய் இதே பாதைதான். போன மாதம் ஒருநாள் ரெயில் ஓடேல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு தொடர்மாடிக்கு முன்னால் பழைய சரக்கு வாகன் ஒன்று தனியாக நிற்பதைக் கண்டேன். பக்கத்தில் கல்லில் செதுக்கிய பெரிய சிலை. எதிரில் ஒரு நினைவகம், 2012இல் திறந்தது. உள்ளே போனேன்.

அந்தத் தொடர்மாடியின் பெயர் சித்தே த லா முயெத். சாதாரண சனம் குடியிருக்க என்று 1930களில் கட்டத் தொடங்கியது. 1941 ஆகஸ்டில் அதை யூதர்களை அடைத்து வைக்கும் முகாமாக்கினார்கள். காவலுக்கு நின்றது பிரெஞ்சு ஜொந்தார்ம்கள். 1944 வரைக்கும் இங்கிருந்து ஏறக்குறைய 63,000 பேரை அனுப்பினார்கள், பெரும்பாலும் அவுஸ்விற்சுக்கு. 1942 ஆகஸ்டில் தாய் தகப்பன் இல்லாமல் சின்னப் பிள்ளைகளைத் தனியாக ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். 1943 நடுப்பகுதி வரைக்கும் அந்த ரெயில்கள் வெளிக்கிட்டது நான் தினமும் ஏறும் அதே லு பூர்ஜே ஸ்டேஷனில் இருந்துதான். இப்ப அந்தத் தொடர்மாடியில் திரும்பவும் குடும்பங்கள் இருக்கின்றன. நான் பார்த்த அன்று பல்கனியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது.

அங்கே இறந்தவர்களில் ஒருவர் கவிஞர் மாக்ஸ் ஜாக்கோப். யூதராகப் பிறந்தவர். 1909இல் மொன்மார்த்தில் தன் அறைச் சுவரில் கிறிஸ்துவைக் கண்டதாகச் சொன்னார். 1915இல் ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தகப்பன் யார் தெரியுமோ? பிக்காசோ! பிறகு சான் பெனுவா என்ற ஊரில் மடாலயத்துக்குப் பக்கத்தில் போய்ச் செபத்தோடு இருந்துவிட்டார். 1944 பெப்ரவரியில் கெஸ்டாப்போ பிடித்தது. மார்ச் 5ஆம் தேதி திரான்சியில் நிமோனியாவில் முடிந்தார். அவருக்கு முன்னமே சகோதரியையும் இங்கே கொண்டுவந்து, இங்கிருந்து அவுஸ்விற்சுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் நம்பின மனுசனுக்கு இதுதான் கிடைத்ததா என்று எனக்குக் கோவம் வந்தது.

அந்தக் கோவம் எனக்குப் புதுசில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன்... பூசைக்கும் ஆராதனைக்கும் போன சனம். அடுத்த கிழமை ஒருவர் என்னிடம் "எல்லாம் கடவுள் சித்தம்" என்றார். அண்டையோட நான் செபிக்கிறதை நிப்பாட்டினன். வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மம்மாவுக்காகக் கோயிலுக்குப் போய் வாங்கில் சும்மா இருப்பன்.

அம்மம்மா நவாலி. 1995 ஜூலை 9, இடம்பெயர்ந்த சனம் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் ஒதுங்கியிருந்தபோது விமானப்படை குண்டு போட்டது. 100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் ஒருத்தி அம்மம்மாவின் தங்கச்சி. நான் அப்ப பிறக்கேல்லை. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மம்மா அதே கோயிலுக்குத்தான் ஞாயிறு தவறாமல் போகிறா.

வாகனைப் பார்த்த அன்று இரவு வட்ஸப்பில் எடுத்துக் கேட்டேன்.

"அம்மம்மா, தங்கச்சி செத்த இடத்திலயே போய் முழங்காலில நிக்கிறியளே. கோவம் வரேல்லையா?"

"ஏன் வராது? முப்பது வருஷமாக் கோவம்தான். ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிறன், ஏன் விட்டனீ எண்டு."

"பிறகு ஏன் போறியள்?"

"கோவிக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணும், பிள்ளை. அவரையும் விட்டிட்டா நான் ஆரோட போய்ச் சண்டை பிடிக்கிறது?"

நான் விசுவாசம் என்றால் கேள்வி கேட்காமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் சங்கீதங்களில் எவ்வளவோ முறைப்பாடுதான். சிலுவையில் தொங்கினவரே தன்னை ஏன் கைவிட்டாய் என்று கத்திக் கேட்டவர்தானே. சித்தம் என்று சொல்லி வாயை மூடியவர் இல்லை.

நினைவகத்தில் இருந்து வந்தபிறகு தேடி வாசித்ததில் இன்னொன்றும் உறைத்தது. 1942 ஆகஸ்டில் துலூஸ் பேராயர் சலியேஜ், யூதர்களும் மனிதர்கள்தான், எங்கட சகோதரர்கள்தான் என்று கடிதம் எழுதிக் கோயில்களில் வாசிக்க வைத்தார். அப்படிப் பேசின ஆயர்கள் கொஞ்சப் பேர்தான். 55 வருஷம் கழித்து, 1997 செப்டெம்பர் 30ஆம் தேதி, பிரான்சின் ஆயர்கள் இதே திரான்சியில் வந்து நின்று, அந்த மௌனம் பிழை என்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஆக, கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்கும்போது கூடவே அவருடைய ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. இரண்டாவதுக்குப் பதில் இருக்கிறது, அது வெட்கமான பதில். முதலாவதுக்கு என்னிடம் பதில் இல்லை. அம்மம்மாவிடமும் இல்லை.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது அம்மம்மா கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பிறகு, "அதுகளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து" என்றா.

சனிக்கிழமை வேலை முடிய லாச்சப்பலில் ஒரு மெழுகுதிரிப் பெட்டி வாங்கினேன். அறை யன்னலில் ஒன்று கொளுத்தினேன். ஆறு வருஷத்துக்கு மேலாய் ஒரு செபமும் சொல்லாத ஆள், என்ன சொல்கிறது என்று தெரியேல்லை. ஏன் விட்டனீ எண்டு மட்டும் கேட்டன். பதில் வரேல்லை. அடுத்த நாளும் கேட்டன்.

உங்களில் யாருக்கும் இப்படிச் சண்டை பிடித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கோ. "எல்லாம் கடவுள் சித்தம்" எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ, புண்ணியமாப் போகும்.