நாற்பத்தெட்டு இலக்கங்கள்

கூட்டுறவுச் சங்கமொன்றில் 31 ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வராது. அப்படிப்பட்டவன், என் வீட்டு முன்னறையில் இருந்த கணிப்பொறியின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டறிந்ததில்லை. அதற்குரிய அபராதத்தை 2024ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் கட்டினேன்.

2019இல் மூத்த மகன் குவைத்துக்கு வேலைக்குப் புறப்படுமுன் வாங்கி வைத்துச் சென்ற பொறி அது. அதில் கணக்கு ஒன்றே ஒன்றுதான், அது அவனுடையது. அவன் சொல்லிச் சென்ற நான்கு எண்ணைத் தட்டி உள்ளே நுழைந்து, மின்கட்டணம் கட்டுவதும், இளைய மகள் பாடம் எழுதுவதும், என் துணைவியார் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லி ஒலிப்பதிவு செய்வதுமாகக் காலம் ஓடியது. 2022இல் அவர் எங்களை விட்டுப் பிரிந்தார். அவர் குரல் அந்தப் பெட்டியில் தங்கியது.

முதல் அறிகுறியை நான் சரியாகப் படிக்கவில்லை. சில வாரங்களாகவே காலைதோறும் கடிகாரம் 2019ஆம் ஆண்டைக் காட்டியது. வங்கியின் பக்கத்தைத் திறந்தால் பாதுகாப்பில்லை என்று எச்சரித்தது. இத்தகைய பக்கங்களுக்கு, இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. பொறி தன்னை 2019இல் இருப்பதாக எண்ணிக்கொண்டால், அச்சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்றாகத்தானே தோன்றும்! நானோ நாள்தோறும் தேதியைக் கையால் திருத்திவிட்டு என் வேலையைப் பார்த்தேன். பேரேட்டில் இப்படித் திருத்தியிருந்தால் தணிக்கையாளர் சும்மா விட்டிருப்பாரா?

ஒரு நாள் காலையில் பொறி தொடங்கவில்லை. "தொடங்கவில்லை" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் படியில் நின்றது என்று பார்ப்பதே பாதி வைத்தியம் என்பதை மகள்தான் எனக்குக் கற்பித்தாள். விசிறியே சுழலவில்லையெனில் மின்சாரத்தையும் செருகியையும் பார்க்க வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால் திரைக்குச் செல்லும் கம்பியையும், உள்ளே நினைவக அட்டை தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். திரையில் எழுத்துகள் வந்துவிட்டால் பொறி உயிரோடு இருக்கிறது. அது சொல்வதைப் பதறாமல் படிக்க வேண்டும். எங்கள் திரையில் எழுத்து வந்தது. நாளும் நேரமும் தவறு, அடிப்படை அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன என்றது.

குற்றவாளி மதர்போர்டில் பதிந்திருக்கும் பொத்தான் பேட்டரி. கடையில் சி.ஆர். 2032 என்று கேட்டால் தருவார்கள். பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. பொறிக்கு மின்சாரம் வராத வேளையில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். இடிக்கும் செலவுக்கும் அஞ்சி இரவுதோறும் சுவர்ச் சுவிட்சை அணைப்பவன் நான். அதனால் இரவு முழுவதும் அந்தச் சின்னஞ்சிறு பேட்டரியே உழைத்து ஐந்தாண்டுகளில் ஓய்ந்துவிட்டது. மகள் மின்கம்பியைப் பிடுங்கி வைத்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, பழையதை நெம்பி எடுத்துப் புதியதைப் பொருத்தினாள். கால் மணி நேர வேலை.

நீலத் திரை வந்தது. எங்கள் மகிழ்ச்சி அதோடு நின்றது. ஹார்டு டிஸ்க் பூட்டப்பட்டுள்ளது, 48 இலக்க மீட்புச் சாவியை உள்ளிடுக என்று அது கேட்டது. திருடு போனாலும் பிறர் படிக்க முடியாதபடி மகன் அதைப் பிட்லாக்கரால் பூட்டியிருந்தான். பேட்டரி ஓய்ந்ததில் பொறியின் அடிப்படை அமைப்புகள் மாறிவிட்டன. பூட்டுக்கோ தன் வீட்டிலேயே தான் இருக்கிறோமா என்று ஐயம் வந்துவிட்டது. பூட்டின் மீது குற்றமில்லை.

கடைத்தெருவில் பழுது பார்க்கும் இளைஞர், "ஐயா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தித் தந்திடறேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சாவி இல்லாதவர்க்கு அதுவே வழி. ஆனால் அழிந்து போவதில் துணைவியாரின் குரலும் அடக்கம். வேறு படி எடுத்து வைக்கும் புத்தி எங்களில் எவர்க்கும் இருந்ததில்லை.

சாவி மகனுடைய கணக்கில் இருந்தது. அவனோடு நான் பேசி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. வயலை விற்பது பற்றிய வாக்குவாதத்தில் தொலைபேசியை வைத்தவன் நான்தான். தங்கையை விட்டுக் கேட்கச் சொல்லலாம் என்று ஒரு நாள் முழுவதும் தயங்கினேன். மகளோ, "நீங்களே கேளுங்கப்பா, எனக்குப் பாடம் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அன்று ஒரு பாடமும் இல்லையென்று எனக்குத் தெரியும்.

நமக்கு இரவு ஒன்பது மணி. அங்கே மாலை ஆறரை. "அப்பா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றுதான் தொடங்கினான். காரியத்தைச் சொன்னேன். அவன் கணக்கில் இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று அவனுடைய மடிக்கணினிக்குரியது. எங்கள் திரையில் தெரிந்த அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டு, எங்களுடையதைக் கண்டெடுத்தான். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். அவன் படிக்க, நான் எழுதினேன். உள்ளிட்டோம். பொறி ஏற்கவில்லை.

"ஒவ்வொரு தொகுதியையும் பதினொன்றால் வகுத்துப் பாருங்கப்பா. மீதி வரக்கூடாது" என்றான் அவன். ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிழை தெரிந்துவிடும்படி அச்சாவியை அமைத்திருக்கிறார்களாம். இடம் மாறிய எண்ணால் வரும் பிழை ஒன்பதால் வகுபடும் என்று வைத்துப் பேரேட்டில் தேடியவன் நான். இது எனக்குத் தேன் குடித்தது போல இருந்தது. பென்சிலை எடுத்தேன். ஐந்து தொகுதிகள் சரியாக வகுபட்டன. ஆறாவதில் மீதி விழுந்தது. அவன் 'ஏழு' என்றதை நான் 'ஒன்று' என்று எழுதியிருந்தேன். வகுத்து முடியும் வரை அவன் தொலைபேசியை வைக்கவில்லை. வயலைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

பொறி திறந்ததும் முதல் வேலையாக, துணைவியார் சொன்ன கதைகளை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படியெடுத்தோம். அவனுக்கும் அனுப்பினோம். பின்னர் அவன் அங்கிருந்தே சொல்லச் சொல்ல, மகள் கணக்குகளைப் பிரித்தாள். நிரல்களை ஏற்றவும் நீக்கவும் உரிமையுள்ள நிர்வாகி கணக்கு ஒன்று. அதை அன்றாடம் தொடுவதில்லை. எனக்கொன்றும் அவளுக்கொன்றுமாகச் சாதாரணக் கணக்குகள். நான் எதையேனும் தவறாக அழுத்தினாலும் நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் பொறி முழுவதையும் கெடுக்க இயலாது. இதில் எனக்குச் சற்று மனத்தாங்கல்தான், எனினும் ஒப்புக்கொண்டேன். சாவியைத் தாளில் எழுதி, பதினொன்றால் வகுத்துச் சரிபார்த்து, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைத்தேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதலாகாது என்பார்கள். வீட்டில் ஒருவர்க்கு ஏதேனும் நேர்ந்தால் மற்றவர் வெளியே நிற்கக் கூடாதல்லவா?

மகன் இப்போது ஞாயிறுதோறும் அழைக்கிறான். வயல் இன்னும் விற்கப்படவில்லை. சுவர்ச் சுவிட்சை அணைக்கும் வழக்கத்தையும் நான் விடவில்லை. பொத்தான் பேட்டரி ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கிறது.