டயர் விசாரம்

மோட்டார் சைக்கிளின் பின்சக்கர டயரைக் கொஞ்சம் குனிந்து உற்றுப் பார்த்தால் போதும், அதன் சொந்தக்காரனுடைய ஜாதகத்தையே சொல்லிவிடலாம். நடுவிலிருந்து இரண்டு ஓரம் வரைக்கும் ஒரே சீராகத் தேய்ந்து, வளைவு குலையாமல் இருந்தால், ஆசாமி மலைப் பாதைகளிலேயே காலம் கழிக்கிறவன். ஓரங்களில் புது ரப்பரின் கருமை அப்படியே இருக்க, நடு மட்டும் சப்பாத்திப் பலகை மாதிரி தட்டையாகியிருந்தால், அவன் நெடுஞ்சாலையில் நேராகப் போய் நேராகத் திரும்பி வருகிற சமர்த்துப் பிள்ளை. 14,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு என் டயர் இரண்டாவது ஜாதகத்தைத்தான் காட்டியது.

வண்டி, கவாஸாகி நிஞ்ஜா 650. நாற்பத்தாறு வயதில், கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்கிற சிநேகிதர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். இந்த இனத்து வண்டிகளை ‘ஸ்போர்ட் டூரர்’ என்கிறார்கள். பந்தயத்துக்கும் யாத்திரைக்கும் நடந்த கலப்பு விவாகத்தில் பிறந்தது. முன்னால் பார்த்தால் பந்தயக் குதிரை. பின்னால் மனைவி உட்கார்ந்து, மடியில் ஒரு பையையும் வைத்துக்கொண்டு நாமக்கல் வரைக்கும் வரலாம். என் மனைவியின் ஊர் நாமக்கல். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, ஆத்தூர், சேலம் என்று கோடு கிழித்த மாதிரி சாலை. அந்தக் கோடுதான் என் டயரின் நடுமுதுகைத் தின்றுவிட்டது.

டயரின் பள்ளங்களுக்கு அடியில் சின்னச் சின்ன மேடுகளை வார்த்து வைத்திருப்பார்கள். உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். 2024 ஜனவரியில், பொங்கலுக்குப் போய் வந்த மறுநாள், நடு வரிசை மேடுகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன. முன்சக்கரத்தில் இன்னும் பாதி ரப்பர் பாக்கி இருந்தது. அங்கேதான் விசாரம் ஆரம்பம்.

இந்தத் தேசத்தில் வைத்தியத்துக்கு அடுத்தபடியாக டயருக்குத்தான் ஆலோசனை தாராளமாகக் கிடைக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பிள்ளையாண்டான், அவனும் ஒரு பெரிய வண்டி வைத்திருக்கிறான். “அங்கிள், பின்னாடி 180 போடுங்க. பின்னாலேர்ந்து பார்த்தா சும்மா கெத்தா இருக்கும்!” என்றான். ‘அங்கிளை’ மன்னித்துவிட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் விசாரித்தேன். என் வண்டியின் பின் டயர் 160/60, சக்கரம் 17 அங்குலம். 160 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு சுவர் உயரம் என்று பொருள். சக்கரத்தின் விளிம்பு நாலரை அங்குல அகலம். 180 டயர் ஐந்தரை அங்குல விளிம்புக்காகப் பிறந்தது. அதைக் கொண்டுவந்து நாலரையில் திணித்தால், இறுக்கமான சட்டைக்குள் தொந்தி பிதுங்குவது போல நடுவில் கூம்பிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு அது கெத்தாக இருக்கலாம். வண்டியின் மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

டயரின் பக்கச் சுவரில் இன்னும் எத்தனையோ எழுதியிருக்கிறது. 69W என்று ஒன்று. 69 என்றால் அந்த டயர் 325 கிலோ எடை தாங்கும். W என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும். நான் இதுவரை போயிருக்கிற அதிகபட்ச வேகத்தை, என் மனைவி படிக்கிற பத்திரிகையில் எழுதுவதாக இல்லை. ஆனால் அந்த W-வுக்கு வெகு தூரத்துக்கு இப்பால்தான் என்று மட்டும் சத்தியம் செய்யலாம்.

பிளஸ் டூவில் படித்த பௌதிகத்தோடு என் விஞ்ஞானம் முடிந்தது. இருந்தாலும், டயர் விஷயத்தில் அடிப்படையான தகராறு ஒன்றே ஒன்றுதான் என்று புரிந்துகொள்ள அது போதும். மிருதுவான ரப்பர் சாலையைப் பற்றிக்கொள்ளும், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் நெடுநாள் உழைக்கும். பற்றிக்கொள்வதில் கொஞ்சம் அலட்சியம் காட்டும். பந்தய ரகத்து டயர்கள் மிருதுவானவை. அவை நன்றாகச் சூடேறின பிறகுதான் தங்கள் வித்தையைக் காட்டும். குளிர்ந்த மழைச் சாலையில், சம்சாரி போகிற நிதானத்தில், அவற்றுக்கு அந்தச் சூடு ஏறவே ஏறாது. இதற்கு ஸ்போர்ட் டூரிங் டயர் செய்கிறவர்கள் கண்டுபிடித்த சமாதானம் அழகானது. பல டயர்களில் நடுவில் கெட்டி ரப்பர், இரண்டு ஓரத்திலும் மிருது ரப்பர். நேர்ச்சாலையில் கெட்டி உழைக்கும். வளைவில் வண்டி சாயும்போது மிருது பிடித்துக்கொள்ளும். ரப்பரில் மணலுக்கு உறவான சிலிகாவைச் சேர்க்கிறார்கள். ஈரத்தில் பிடிமானம் கூடுகிறது. பள்ளங்கள் தண்ணீரை அள்ளி வெளியே தள்ளுகின்றன. நானூறு கிலோவை நெருங்குகிற இந்தச் சம்சாரம் முழுவதும், உள்ளங்கை அளவுள்ள இரண்டு ரப்பர்த் துண்டுகளின் மேல் நிற்கிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

மிஷெலின், பிரெல்லி, மெட்ஸலர், டன்லப், பிரிட்ஜ்ஸ்டோன் என்று எல்லாருமே இந்த ரகத்தைச் செய்கிறார்கள். (பிரிட்ஜ்ஸ்டோன் ஆங்கிலேயர் கம்பெனி என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். 1931-ல் அதை ஆரம்பித்தவர் இஷிபாஷி என்ற ஜப்பானியர். ஜப்பான் பாஷையில் அந்தப் பெயருக்குக் ‘கல் பாலம்’ என்று பொருளாம். மனிதர் தம் பெயரை மொழிபெயர்த்து, முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார்!) கடைசியில் இரண்டு கம்பெனி டயர்கள் என் முன்னால் நின்றன. ஒன்று நீண்ட ஆயுசுக்குப் பெயர் போனது. மற்றது மழைக்குப் பெயர் போனது. ஆனால் மூவாயிரம் கிலோமீட்டராவது முன்னதாகத் தேய்ந்துவிடும் என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதுவானாலும் ஒரு ஜோடியின் விலைக்கு, 1999-ல் நான் முதல் முதலாக வாங்கின பழைய மொபெட்டைப் போல நாலு வாங்கியிருக்கலாம்.

இந்தக் கட்டத்தில்தான் மாமனாரைக் கேட்கலாம் என்று தோன்றியது. அவர் நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டுவித்தவர். நாமக்கல்காரர்களுக்கு டயரைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சாமான்ய மனிதர்கள் நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கிற மாதிரி அவர்கள் டயரைத் தடவிப் பார்த்துச் சொல்வார்கள். எதற்கும் அவரிடம் ஒரே கணக்குத்தான்: கிலோமீட்டருக்கு எத்தனை பைசா?

“மாப்பிள்ளெ, ஜோடி என்ன வெலைங்க?” என்று கேட்டார். சொன்னேன். டெலிபோனில் சற்று நேரம் சத்தமே இல்லை.

“எத்தன ஓடும்ங்க?”

“பின்னாடி பன்னிரண்டாயிரம், பதினாலாயிரம் ஓடும் மாமா. முன்னாடி அதுக்கும் மேலே.”

“அவ்வளவுதானுங்களா! நம்ம லாரி டயரு, ரீட்ரெட் போட்டுப் போட்டு ஓட்டுனா லட்சத்தெத் தாண்டுமுங்களே!”

எனக்கு அவமானமாக இருந்தது. பின் டயரை மட்டும், நீண்ட ஆயுசுக்காரனாகப் பார்த்து வாங்கிவிட்டு, முன்சக்கரத்தை இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்றிருக்கிறேன் என்று, அவருக்குப் பிடிக்கும் என்ற நம்பிக்கையோடு சொன்னேன். முன்சக்கரத்தில் இருப்பது வேறு கம்பெனி டயர் என்பதையும் சொன்னேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை.

“அதெப்படிங்க? முப்பது வருசத்துல நான் ஒரு நாளும் முன்னாடி ஆக்ஸில்ல ரீட்ரெட் போட்டதில்லைங்க. பின்னாடி எட்டு டயரு ஓடுது, ஒண்ணு போனா மத்தது தாங்கும். முன்னாடி போச்சுன்னா ஸ்டீரிங்கே போச்சு. முன் டயருல மட்டும் பைசாக் கணக்குப் பாக்கறதில்லீங்க. உங்க வண்டிக்கு ரெண்டுமே முன் டயருதானுங்க, மாப்பிள்ளெ. ஒண்ணு மேல எம் புள்ள ஒக்காந்திருக்குது.”

டெலிபோனை வைத்த பிறகு நான் வேறு ஒரு கணக்குப் போட்டேன். நாமக்கல் போனால் கொல்லிமலைக்கும் போவது வழக்கம். காரவள்ளியில் ஆரம்பித்து மேலே ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசித் திருப்பங்கள். அறப்பளீசுவரரைச் சேவித்துவிட்டு, பையில் கொஞ்சம் மிளகு வாங்கிக்கொண்டு இறங்குவோம். இந்த 14,000 கிலோமீட்டரில் நாலு தடவை போயிருக்கிறோம். ஏற 70, இறங்க 70. நாலு தடவைக்கு 560 திருப்பங்கள். ஒவ்வொன்றிலும் வண்டி சாய்ந்து, டயரின் தோள் தரையில் ஊன்றுவது மூன்று, நாலு விநாடி இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். அதாவது, ஓரத்து மிருது ரப்பரை நான் முழுசாக நம்பியது, இத்தனை காலத்தில் மொத்தம் அரை மணி நேரம்! கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்ற கணக்கில் அந்த அரை மணி கண்ணுக்கே தெரியாது. ஆனால் 2023 ஐப்பசியில் நாங்கள் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு திருப்பத்தில் நனைந்த சருகுகள் கிடந்தன. பின்சக்கரம் ஒரு சாண் தூரம் வெளியே போய்விட்டு, மனசு மாறினாற்போல் திரும்பி வந்தது. என் தோளில் இருந்த கை இறுகியது. அவ்வளவுதான். அடிவாரத்துக்கு வந்து டீ சாப்பிடும்போதுகூட அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு விநாடிக்கு எத்தனை பைசா விலை போடுவது?

ஆகவே மழைக்காரனையே, அதுவும் ஜோடியாக, வாங்குவதென்று தீர்மானம் ஆயிற்று. எந்தக் கம்பெனி என்று சொன்னால் விளம்பரமாகிவிடும்; அவர்கள் எனக்குப் பணம் கொடுக்கவில்லை.

2024 பிப்ரவரியில் மவுண்ட் ரோடை ஒட்டின ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். வண்டிச் சாமான்களுக்கென்றே பிறந்த தெரு அது. முதலில் நுழைந்த கடையில் அதே டயர் இருந்தது. “ஜோடிக்கு ஆறாயிரம் கொறைச்சுத் தரேன் ஸார், உங்களுக்காக!” என்றார் கடைக்காரர். முன்பின் தெரியாதவனிடம் இத்தனை பிரியம் வந்தால் பக்கச் சுவரைப் படிக்க வேண்டும். அங்கே நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருஷம். இங்கே 1119 என்றிருந்தது. 2019-ன் பதினோராவது வாரத்தில் பிறந்தது. ஐந்து வயதுக்கு ஒரு மாதம் குறைவு. இருட்டான, குளிர்ச்சியான அறையில் வைத்திருந்தால் ரப்பர் சட்டென்று கெட்டுவிடாது என்பது வாஸ்தவந்தான். ஆனால் அவர் அதை இறக்கிக் கொண்டுவந்தது தகரக் கூரை போட்ட மாடியிலிருந்து. சென்னைச் சித்திரை வெயிலில் ஐந்து கோடை அந்தத் தகரத்தின் கீழே! அரிசி என்றால் பழசு விசேஷம். ரப்பர் பழகப் பழக இறுகிப் போகும். நமஸ்காரம் செய்துவிட்டு வெளியே வந்தேன். நாலு கடை தள்ளி, நாலு மாதக் குழந்தையாக ஒரு ஜோடி கிடைத்தது. ஒரு பைசா குறைக்கவில்லை.

மாட்டியவர் ஒரு வயதான பாய். சக்கரத்தின் ஓட்டத் திசையைக் காட்டுகிற அம்புக்குறியை இரண்டு தடவை சரிபார்த்தார். பழைய வால்வைப் பிடுங்கிப் போட்டுப் புதிது வைத்தார். காற்று ஏற ஏற, டயரின் விளிம்பு சக்கரத்தில் போய் உட்கார்ந்து ‘டப், டப்’ என்று இரண்டு தடவை வெடித்தது. நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன், அவர் நகரவில்லை. பிறகு சக்கரத்தைச் சுழல விட்டு, கனம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கத்தில் சின்ன ஈயத் துண்டு ஒட்டிச் சமன் செய்தார். “நூத்தம்பது கிலோமீட்டர் மெதுவாப் போங்க ஸார். மேல வழவழப்பு இருக்கு. படுக்காதீங்க, திடீர்னு பிரேக் புடிக்காதீங்க” என்றார். படுப்பது என்றால் திருப்பத்தில் வண்டியைச் சாய்ப்பது.

இந்தச் சவாரியில் மனைவியை ஏற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் விடியற்காலம் நங்கநல்லூரிலிருந்து தனியாகக் கிளம்பினேன். மேல்மருவத்தூர் போய்த் திரும்பினால் 150 கிலோமீட்டர் கணக்குச் சரியாகிவிடும். 649 ஸி.ஸி. எஞ்சினை மணிக்கு நாற்பதில் நடத்திக்கொண்டு, சாலையின் இடது ஓரமாகப் போனேன். லாரிகள் தாண்டின. பஸ்கள் தாண்டின. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில், இரண்டு பக்கமும் வாழைத்தார் கட்டின ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் என் பக்கத்தில் வந்து, கொஞ்ச தூரம் கூடவே ஓடியது. ஓட்டியவருக்கு அறுபது வயதிருக்கும்.

“பஞ்சரா, தம்பி?”

“இல்லீங்க. டயர் புதுசு.”

“புதுசுன்னா ஏன் இப்படிப் போறே?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வாழைத்தார்களோடு முன்னால் போய்விட்டார்.